நாலு போர்ட் கார்டும் நீ அடித்த மூன்று வரிகளும்

என் வசந்தாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் பனி இறங்குமா என்று தெரியவில்லை. இங்கே மலைமேல் ஆடி பிறந்ததிலிருந்து ஒண்டிக்கடைத் தெரு முழுக்க மூட்டம்தான். எதிர் வரிசைப் பழக்கடையே பத்து மணிக்கு மேல்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கடை திறக்கிறேன். ரேடியோவோ டிவியோ வந்தால் பிரித்துப் பார்க்கிறேன். மதியம் மாடிக்கு வந்து சோறு மட்டும் வைக்கிறேன். குழம்பு பக்கத்து ஜவுளிக்கடைக் கதீஜாக்கா கொடுத்துவிடுகிறார். நம் பெண் மலருக்குக் கோயம்புத்தூர்க் காலேஜில் இரண்டாம் வருஷம் தொடங்கிவிட்டது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. ஒரு விஷயத்தை இந்த ஏழு மாதமும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். சொல்லப் பயம். சொல்லாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள். பின்னால் மலர் இதைப் படித்தாலும் புரியவேண்டும் அல்லவா?

போன வருஷம் சித்திரையில் சேலத்தில் உன் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரலை எடுத்துவிட்டார்கள். எஸ்டேட் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டே மூன்று பேரை அதட்டி வேலை வாங்குகிற குரல் அது. வீட்டுக்கு வந்தபோது உன் கழுத்தில் ஒரு துளை இருந்தது. மூச்சு அதன் வழியாகத்தான். சளி கெட்டியானால் அடைத்துக்கொள்ளும், கவனமாக இருங்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து நான் கீழே கடையில் உட்கார்ந்திருந்தாலும் காது மாடியில்தான் இருந்தது. ஆனால் கேட்பதற்கு அங்கே என்ன இருந்தது? அடைத்துக்கொண்டால்கூட உன்னால் கத்த முடியாதே.

உன் தலைமாட்டில் ஒரு பித்தளை மணி வைத்தேன். இது போதாதா என்றார் கதீஜாக்கா. நீ சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாய்: "மணி 'வாங்க'ன்னு மட்டுந்தான் சொல்லும். எதுக்குன்னு சொல்லாது." மணிச் சத்தம் கேட்டால் நான் ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைத்து மாடிப்படி ஏறுவேன். நீ காபிக்குச் சர்க்கரை கேட்டுக் கையை நீட்டுவாய்.

ஆனி மாதம் உன் ஆபீஸில் இடி இறங்கியது. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, எங்க கம்ப்யூட்டர் போச்சுங்க. எல்லா டெர்மினலையும் சேக்கற கார்டு கருகிப் போச்சு. மேலிடத்துல பழைய சாமானுக்குப் போடச் சொல்லிட்டாங்க. வசந்தா அதுலதான நாலு வருஷம் வேல பாத்துச்சு? நீங்களே எடுத்துக்குங்க, சல்லிசா முடிச்சுத் தர்றேன்."

அது யூனிக்ஸ் ஓடுகிற கம்ப்யூட்டர். பெட்டி ஒன்றுதான். ஆனால் அதிலிருந்து வயர் இழுத்து, வெறும் திரையும் கீபோர்டுமாக இருக்கும் டெர்மினல்களைப் பல இடங்களில் வைத்துக்கொள்ளலாம். ஒரு திரையில் அடிக்கிற வரியை இன்னொரு திரைக்கு அனுப்பலாம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். பெட்டியை உன் படுக்கையறையில் வைத்தோம். அதன் பின்னால் உயிரோடு இருந்தது டெர்மினல் வயரைச் செருகுகிற ஒரே ஒரு சீரியல் போர்ட். அதிலிருந்து வயரைக் கீழே இறக்கிக் கடையில் ஒரு டெர்மினல் வைத்தேன். அன்று மதியம் பச்சை எழுத்தில் உன் முதல் வரி வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாய்: "ஏனுங்க, டீத்தூள் தீந்து போச்சு."

சால்டரிங் பற்றவைக்கிற கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதேன். உனக்குத் தெரியாது.

ஆனால் நான் கடையை விட்டு நகர்ந்தால் அந்த வரியை யார் படிப்பது? மலரும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். உதிரிச் சாமான் வாங்கச் சேலத்துக்கு இறங்கினால் நீ மறுபடியும் ஊமைதான். அடுப்படியில் ஒன்று, கதீஜாக்கா கடையில் ஒன்று என்று இன்னும் இரண்டு டெர்மினல் வேண்டும். டெர்மினல் கையில் இருந்தது, போர்ட்தான் இல்லை. ஒரே கார்டில் நாலு போர்ட், எட்டு போர்ட் இருக்கும் கார்டு வேண்டும். சேலத்தில் அப்படி ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். புதுக் கார்டுக்கு அவர்கள் போட்டிருந்த விலையில் நம் பெட்டியைப் போல இரண்டு வாங்கலாம். பெங்களூரில் பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற ஒரு சந்து இருக்கிறது, அங்கே கிடைக்கும் என்று சொன்னார்கள்.

நீ தனியாக இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் கார்டு. அந்தக் கார்டைத் தேடுவதற்கு உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகவேண்டும். மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் நீதான் சிலேட்டில் எழுதினாய்: "போயிட்டு வாங்க. நான் ஒண்ணும் கொழந்த இல்ல."

ஆவணியில் ஒரு புதன்கிழமை முதல் பஸ்ஸுக்கு இறங்கினேன். கதீஜாக்கா வாசலில் நின்று, "தம்பி, நாழிக்கு ஒருக்கா ஏறிப் பாத்துக்கறேன், நீங்க தெகிரியமாப் போங்க" என்றார். பெங்களூர்ச் சந்தில் பதினோரு கடை ஏறி இறங்கினேன். பன்னிரண்டாவது கடைக்காரர் ஒரு வயதானவர், நம் பக்கத்துத் தமிழ் பேசினார். மேஜைமேல் இரண்டு கார்டு எடுத்துப் போட்டார்.

"இது எட்டு போர்ட்டுங்க. கார்டுக்குள்ளயே தனி மூளை இருக்கு, அது பாட்டுக்கு ஓடும். வெல ஜாஸ்தி. இது நாலு போர்ட், எங்கியோ கழிச்சுப் போட்டது. வெல கம்மி. ஆனா ஒளிக்காமச் சொல்லிடறேன், அப்பப்ப மக்கர் பண்ணும்."

"மக்கர்னா எப்படிங்க?"

"அடிச்சது அடுத்த பக்கம் போய்ச் சேராம நடுவுல நிக்கும். அந்தப் பக்கம் ஒரு பட்டனத் தட்டினா வந்துரும். பரவால்லீன்னா எடுத்துக்குங்க."

வசந்தா, கடையில் இரண்டு கார்டு இருந்ததை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. எட்டு போர்ட் கார்டுக்குப் பணம் பையில் இருந்தது. உன் அடுத்த ஸ்கேனுக்கு வைத்திருந்த பணம். நான் நாலு போர்ட்டை எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது தர்மபுரி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி ஏழரை மணிக்கு அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். "மேல வளைவுல பாற உருண்டு கெடக்குதுங்க. இனி காலையிலதான் வண்டி" என்றார் கண்டக்டர். டெலிபோன் பூத்துக்கு ஓடி நம் வீட்டு எண்ணைச் சுழற்றினேன். நீ எடுத்தாய். மூச்சு மட்டும் சீழ்க்கை போலக் கேட்டது.

"வசந்தா, நாந்தான். ரோடு அடைச்சுக்கிச்சு. நல்லாருந்தீன்னா போன ஒரு தட்டுத் தட்டு. ஏதாச்சும் ஆபத்துன்னா ரெண்டு தட்டு."

தட்டினாய். ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்தாமல் தட்டினாய். எண்ண முடியவில்லை. அப்புறம் லைன் அறுந்துபோனது. மறுபடி சுழற்றினேன், மணியே போகவில்லை.

பூத்தை விட்டு வெளியே ஓடிவந்தேன். துளை அடைத்துக்கொண்டதா? ரத்தமா? ஒரு காய்கறி ஜீப்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே கேட்டார். "குப்பனூர் ரோட்டுல போலாமுங்க. மழையில அது நொம்ப மோசம். துணிஞ்சா ஏறுங்க." ஏறினேன். ஒரு பக்கம் மண் சரிந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. கார்டைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அந்தத் தட்டல்கள்தான் காதில்.

நீ மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாய், கதீஜாக்கா பக்கத்தில். உனக்கு ஒன்றுமில்லை. என்னைப் பார்த்ததும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. சிலேட்டில் எழுதினாய்: "அந்த மழையில வர வேண்டாம்னு அத்தன தட்டுத் தட்டினேனே, ஏன் வந்தீங்க?"

அன்றைக்குத்தான் தெரிந்தது, நீயும் எனக்காக அதே அளவு பயந்துகொண்டிருந்தாய் என்று.

கார்டில் இருந்த பொடி ஊசிகளை இடம் மாற்றி மாற்றி வைத்து, மூன்று நாளில் ஓடவைத்தோம். அதற்கப்புறம் வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொஞ்சம் ஆறுகிறது. அடுப்படியிலிருந்து எனக்குத் திட்டு வரும். கதீஜாக்கா கடையிலிருந்து அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்த பதில் உனக்கு வரும். "வ... சந்... தா... சாப்... டி... யா" என்று அவர் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே அடிப்பது என் கடை வரைக்கும் கேட்கும். நீ தோள் குலுங்கச் சிரிப்பாய். சத்தம் வராத சிரிப்பு.

ஐப்பசியில் ஒரு மின்னல் பெட்டியின் பழைய போர்ட்டையும் கொண்டுபோனது. கடை டெர்மினலையும் அந்தக் கார்டிலேயே மாட்டினேன். கடைக்காரர் சொன்ன மக்கர் அப்புறம்தான் தெரிந்தது. நீ அடித்த வரி சில சமயம் உள்ளேயே நின்றுவிடும். இங்கே நான் ஒரு பட்டனை அழுத்தினால்தான் திரையில் வந்து விழும். அதனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை என்டரைத் தட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். வேறு கார்டு தேடி மறுபடி பெங்களூர் போகலாம் என்றேன். இருமல் அதிகமாகிவிட்டது, என்னை விட்டுவிட்டு எங்கேயும் போகவேண்டாம் என்று எழுதினாய். நோய் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். உனக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி. அன்று பகல் பதினோரு மணி. கதீஜாக்கா சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், கடை பூட்டு. மேல் ஊரிலிருந்து ஒரு விவசாயி, மகளுக்குச் சீர் கொடுத்த டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். படம் உருண்டுகொண்டே இருந்தது. "சாமி, மாப்ள ஊட்டுல மானம் போவுதுங்க" என்று அவர் சொன்ன தினுசில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழுதைக் கண்டுபிடிக்கிற மும்முரம் வேறு. அவர் சம்பந்தி வீட்டுக் கதையெல்லாம் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். எவ்வளவு நேரம்? அரை மணியா, முக்கால் மணியா? டிவியைத் தூக்கிக்கொண்டு அவர் படி இறங்கின பிறகுதான் என்டரைத் தட்டினேன்.

மூன்று வரி சேர்ந்து விழுந்தது.

"ஏனுங்க."

"செத்த மேல வாங்க."

"பரவால்லீங்க. ஆள் இருக்காங்க போல. முடிச்சுட்டு வாங்க."

நான் ஏறி வந்தபோது நீ ஒருக்களித்துப் படுத்திருந்தாய். கை கீபோர்டின் மேல் இருந்தது. சூடு இருந்தது. மூச்சு இல்லை.

முதல் வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் எவ்வளவு நேரம், வசந்தா? பரவாயில்லை என்று நீ எழுதியது உண்மையா, இல்லை, எனக்காக எழுதியதா? பித்தளை மணி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏன் அடிக்கவில்லை? கை வரவில்லையா? அடித்தால் நான் பயந்துபோய் ஓடிவருவேன் என்று நினைத்தாயா? நான் சிரித்தது மேலே உனக்குக் கேட்டதா?

வந்தவர்களிடமெல்லாம் நீ என் மடியில்தான் போனாய் என்று சொன்னேன். முதலில் யாரிடம் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று நினைவில்லை. வாயில் வந்துவிட்டது. மறுநாள் மலர் கேட்டாள், "அம்மா கடைசியா என்னப்பா சொன்னாங்க?" உன்னை நன்றாகப் படிக்கச் சொன்னாள் என்றேன். அதை அவள் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். போன மாதம் வந்தபோது பார்த்தேன். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல, எனக்கு அது போதும்ப்பா" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மையைக் கேட்டால் அவள் என்னை என்னவென்று நினைப்பாள்? விலை பார்த்துக் கார்டு வாங்கி அம்மாவைக் கொன்ற அப்பா என்றா? அவளும் வராமல் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்? குப்பனூர் ரோட்டில்கூட இவ்வளவு நடுக்கம் எனக்கு இல்லை.

ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மலர் வருகிறாள். அவள் சாப்பிட்டு எழுந்ததும் எதிரில் உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கார்டு இருந்ததை, நான் சிரித்துக்கொண்டிருந்ததை, எல்லாவற்றையும். நீ அடித்த மூன்று வரியையும் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுக்கிறேன். நான் இட்டுக்கட்டிச் சொன்னதை அவள் நோட்டில் கோடு போட்டு அடித்துவிட்டு, நீ நிஜமாகச் சொன்னதை எழுதிக்கொள்ளட்டும். கோபித்துக்கொண்டு அவள் எழுந்து நடந்தால் நான் தடுக்கமாட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பத்தடி பின்னாலேயே நடந்து வருவேன். பஸ் கிளம்புகிற வரைக்கும் அவள் கண்ணில் படுகிற இடத்தில் நிற்பேன்.

உன் வீட்டுக்காரன்,
மலரோட அப்பா