ஒரு குளிர்சாதனப் பெட்டிக்காகக் கழகம் மாறியவருக்கு

மச்சான்,

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும்போது மைதானத்துப் பக்கமிருந்து நைலோன் எரிகிற நாற்றம் வந்தது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, எரிவது ஜேர்சி. பதினைந்து இருபது ஆண்கள் வட்டமாக நின்று, தடியொன்றில் அதைக் கொளுவி எரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் கைபேசி. எங்கள் அலுவலகத்து எழுதுவினைஞர் ஒருவரும், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், அதில் நின்றார். என்னைக் கண்டதும் கொஞ்சம் கூச்சத்தோடு வந்தார்.

"போட்டி துவங்க இன்னும் ஒரு மாசம் இரிக்கி மிஸ். அதுக்குள்ள எங்கட முன்வரிசைக்காரன் கழகம் மாறிற்றான். துரோகி."

"ஆருக்குச் செஞ்ச துரோகம்?"

"ஊருக்குத்தான் மிஸ்."

"ஊர் அவருக்கு என்ன செஞ்சது?"

"அப்பிடிக் கேட்டா… அது ஒரு உணர்வு மிஸ்."

உணர்வு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் மூளைக்கு வேலையில்லை. அவர் திரும்பிப் போய், தான் எடுத்த படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தார். நான் வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்தேன்; இன்னும் எழுதி முடியவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து நான்கு மாதமாகிறது. செத்த வீட்டுக்கு நம்முடைய ஊர்க் கழகம் பெரிய பதாகை கட்டியிருந்தது. உங்கள் பழைய படம், கீழே 'எம் மண்ணின் நட்சத்திரம்'. அதைக் கட்டுவதற்கு முன்னுக்கு நின்று கயிறு இழுத்தவர் சைக்கிள் கடைத் தவராசா. வயது எழுபதைத் தாண்டியும் அவருடைய குரல் குறையவில்லை. "உயத்து, இன்னும் உயத்து" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே போய்விட்டேன்.

யுத்த காலத்தில், நீங்கள் கழகம் மாறிய அந்த வருடத்தில், நான் கம்பசில், பல்கலைக்கழகத்தில், மூன்றாம் வருடம். நம்முடைய ஊர் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், வாவியின் மேற்குக் கரையில். கிழக்குக் கரை இராணுவத்திடம். நம்முடைய கரை மற்றவர்களிடம், இயக்கத்திடம். மின்சாரம் இல்லை, கம்பி போன மின்கம்பங்கள் மட்டும் வீதியோரம் நின்றன. பத்திரிகை பழையதாகத்தான் வரும். சவர்க்காரமும் பற்றரியும் மருந்தும் சோதனைச் சாவடியில் அளந்து விடப்படும். ஆனால் வெள்ளாமை வெட்டி முடிந்து, பந்தடிப் போட்டிகள் தொடங்குவதற்கு முன்பான அந்த இரண்டு மாதமும் ஊர் ஆண்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. எந்த ஊர் விளையாட்டுக்காரன் எந்த ஊருக்கு மாறுகிறான், ஏன் மாறுகிறான், என்ன வாங்கிக்கொண்டு மாறுகிறான் என்பதெல்லாம் வாவியைக் கடந்து வந்துவிடும். அடுத்த வளவில் யார் பசியோடு படுத்தார்கள் என்று தெரியாதவர்களுக்கு, மாங்கேணியில் எவன் இடது காலால் அடிக்கிறான் என்று தெரிந்திருந்தது.

நீங்கள் அக்கரையில், பெரியகல்லாற்றுப் பக்கத்துக் கழகம் ஒன்றுக்கு மாறப் போகிறீர்கள் என்ற செய்தி வந்த கிழமை, நான் சைக்கிளுக்கு ஒட்டுப் போட தவராசாவின் கடையில் நின்றேன். அவர்தான் ஊர்க் கழகத்தின் தலைவர். கூடவே கிளி. அவர் சொல்வதையே திருப்பிச் சொல்வதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"கல்லாத்தான் என்ன குடுத்து எடுத்தானாம் அண்ணன்?" என்றான் கிளி.

"மோட்டச்சைக்கிள்." தவராசா டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி சொன்னார்.

"மோட்டச்சைக்கிளோட வீடும் வளவும் எண்டு துறையில கதைச்சாங்க."

"வீடும்தான். பொம்புளயும் பாத்திற்றாங்களாம்."

"பொம்புளயும் பாத்திற்றாங்க. மறுகா என்னத்துக்கு இஞ்ச நிப்பான்? போகட்டும்."

"போகட்டும் எண்டு விட ஏலுமாடா? நம்மட ஊர்த் தண்ணியக் குடிச்சு வளந்த கால் அது." தவராசா நிமிர்ந்தார். "பரவால்ல. நமக்கு மாங்கேணியான் வாறான். அவன் அடிச்சா வலை கிழியும்."

"கிழியும். ஆனா நம்மட கோலுக்கு வலை எங்க அண்ணன் இரிக்கி?"

"அதாலதான் சொல்றன். கிழிஞ்சாலும் நமக்கு நட்டமில்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "புள்ள, உன்ர மச்சான்தானே. உண்மையா என்னத்துக்குப் போறான்?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

எனக்குத் தெரியும். உங்கள் அம்மா, என் மாமி, சொல்லியிருந்தா. மாமிக்குச் சீனி வருத்தம் முற்றி இன்சுலின் போட வேண்டிய நிலை. ஈர மணல் நிரப்பிய முட்டிக்குள் அந்தக் குப்பியை வைத்து, நேரத்துக்கு நேரம் நீங்கள் மணலை நனைத்தீர்கள். பங்குனி வெயிலில் இரண்டு குப்பிகள் கெட்டுப்போயின. மூன்றாவது குப்பிக்காக வாவியைக் கடக்கப் போனபோது அக்கரையில் ஏதோ பிரச்சினை, நான்கு நாள் பாதை ஓடவில்லை. பாதை என்று நாம் சொல்வது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற அந்த மிதவையைத்தான். அந்த நான்கு நாளில் மாமி ஏறக்குறையப் போய்விட்டா. கல்லாற்றுக் கழகத்துச் செயலாளரின் கடையில் ஐஸ்பழம் விற்க ஒரு குளிர்சாதனப் பெட்டி இருந்தது. கீழ்த்தட்டில் குப்பி வைக்க இடமும், கடைக்குப் பின்னால் ஓர் அறையும் தருவதாக அவர் சொன்னார். நீங்கள் விலைபோனது அவ்வளவுக்குத்தான்.

அதை அந்தக் கடையில் வைத்துச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. ஊகம் பேசிப் பொழுதுபோக்கும் இரண்டு பேரிடம் மாமியின் வருத்தத்தை விளக்குவது எனக்குக் குறைவாகப் பட்டது. அவர்கள் தங்கள் அறியாமையிலேயே கிடக்கட்டும் என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம் உங்களிடம் வந்து மோட்டார் சைக்கிள் கதையைச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"மோட்டச்சைக்கிளா? அதுக்குப் பெட்டியில இடம் காணாதே மச்சாள்."

"உங்களுக்குப் பகிடி. மாட்டுக் கூட்டம் அதுகள்."

"விடு. அவங்களுக்கு வேற என்ன இரிக்கி? வயலுக்குப் போக ஏலா, துறைக்குப் போக ஏலா. வாயாவது ஓடட்டும்."

அவர்களுக்காக எப்போதும் நீங்கள்தான் வாதாடினீர்கள். தோற்ற நாளில் கூச்சல் போட்டவர்களையும் மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவீர்கள். அந்த நல்ல குணத்தை நான் ஒருநாளும் மதித்ததில்லை. உங்களுக்குச் சுரணை குறைவு என்று நினைத்தேன்.

நீங்கள் அறையைக் கூட்டித் துப்புரவாக்கக் கல்லாற்றுக்குப் போன பிறகு, அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் நான் கம்பசுக்குப் புறப்பட்டேன். வாசிகசாலைக்கு முன்னால் கழகத்தின் கரும்பலகை நின்றது. போட்டி முடிவுகளும் மரண அறிவித்தல்களும் எழுதும் பலகை. அதில் வெள்ளைச் சோக்கால், பெரிய எழுத்தில், உங்கள் முழுப் பெயர். அதன் கீழே: 'எதிரிக்கு விலைபோன துறோகி.'

அந்தச் சொல்லுக்கு அந்த நாட்களில் வேறு வேலை இருந்தது. அதை அட்டையில் எழுதிச் சுட்ட ஆளின் கழுத்தில் கட்டுவார்கள். நம்முடைய சந்தியிலும், கம்பி இல்லாத மின்கம்பம் ஒன்றில், ஒரு காலையில் அப்படி ஒருவர் இருந்தார். அவரைத் தவராசாவும் பார்த்தார், கிளியும் பார்த்தான். பார்த்துவிட்டு வந்த மனிதர்கள்தான் ஒரு பந்துக் கழகத்தை எதிரி என்றும் உங்களைத் துரோகி என்றும் எழுதினார்கள். பெரிய சொல்லொன்று கையில் கிடைத்தால் சின்ன மனிதர்கள் அதை எதற்கும் எடுப்பார்கள்.

நான் பலகைக்கு முன்னால் நின்றேன். வீதியில் யாருமில்லை. கையில் லேஞ்சி இருந்தது. அந்தத் துணியால் ஒரு தரம் துடைத்தால் போதும். நான் பார்த்தது எழுத்துப் பிழையை. துரோகியில் வல்லின 'ற' போட்டிருந்தார்கள். திட்டுவதற்காவது தமிழ் தெரிய வேண்டாமா என்று நினைத்து, தனியே சிரித்தேன். இவர்கள் எழுதியதை அழித்துக்கொண்டு நிற்பது என் வேலையா என்றும் நினைத்தேன். பாதைக்கு நேரமாகியிருந்தது. நடந்தேன்.

புதன்கிழமை மாமியைக் கூட்டிப் போக நீங்கள் வந்தீர்கள். துறையிலேயே இறக்கிக் கொண்டுபோனார்கள். வேறு பகுதியிலிருந்து புதிதாக வந்திருந்த இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர், துவக்கோடு. ஊரில் யாரையும் அவர்களுக்குத் தெரியாது. பலகையை வாசிக்க மட்டும் தெரிந்திருந்தது. நீங்கள் பிறகு சொன்னீர்கள்.

"எதிரி ஆர் எண்டு கேட்டாங்க. நான் கல்லாத்துக் கழகத்துப் பேரைச் சொன்னன். பகிடி விடுறயா எண்டு அடிச்சாங்க."

மறுபடி கேட்டார்களாம். மறுபடியும் அதையே சொன்னீர்களாம். சொல்ல வேறு எதிரி உங்களிடம் இல்லை. மூன்றாம் நாள் ஒருவன் கேட்டான், எந்தக் காலால் பந்தடிப்பாய் என்று. நீங்கள் யோசிக்காமல் உண்மையைச் சொன்னீர்கள். வலது.

பதினொரு நாள். தவராசா முதல் நாளே பலகையை அழித்துவிட்டார். இரண்டாம் நாள் மாமியிடம் வந்து, "பந்துக்குத்தான் எழுதின அக்கா, அவங்களுக்கு விளங்கல்ல" என்றாராம். அதை விளங்கப்படுத்த வேண்டிய இடத்துக்கு மட்டும் அவர் போகவில்லை. கழகத்தில் எவரும் போகவில்லை. மாமிதான், நேரத்துக்கு இன்சுலின் இல்லாத உடம்போடு, நாள்தோறும் அவர்களுடைய முகாம் வாசலுக்கு நடந்தா. உங்களை மாட்டு வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தபோது கிளி ஓடிவந்து கேட்டது ஒன்றே ஒன்று. "இந்த முறை அடிப்பாரா?"

மாங்கேணிச் சிங்கமும் வந்தது. முதல் போட்டிக்கு நான்கு சோதனைச் சாவடிகளில் மறிபட்டு இடைவேளைக்குத்தான் வந்து சேர்ந்தான். ஒரு முறை பந்தைத் தொட்டான், அதுவும் கையால். அடுத்த நாள் கடையில் அவனும் துரோகியானான்.

கல்லாற்றுச் செயலாளர் சொன்ன சொல் மாறவில்லை. ஒரு போட்டிகூட ஆடாத உங்களுக்கு அறையும் தந்தார், கீழ்த்தட்டையும் தந்தார். மாமி இன்னும் ஐந்து வருடம் இருந்தா. என் கணக்கில் அந்தக் காலத்துக் கழகங்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

இறுதித் தவணை முடிந்து நான் அங்கே வந்த நாள் உங்களுக்கு நினைவிருந்திருக்கும். கடைக்குப் பின்னால் மர வாங்கில் உட்கார்ந்திருந்தீர்கள். மடக்க முடியாத வலது காலை நீட்டியபடி. நிறையப் பேசினோம். திடீரென்று கேட்டீர்கள்.

"அந்தத் திங்கக்கிழமை நீ வாசிகசாலையாலதானே போன. பலகையில எழுதியிருந்ததக் கண்டயா?"

"இல்ல மச்சான். நான் பாக்கல்ல."

நீங்கள் தலையாட்டினீர்கள். "அதானே. நீ கண்டிருந்தா அழிச்சிருப்பாய். எனக்குத் தெரியும்."

நான் "ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உங்களுக்குத் தீபாவளிக்கு உடுப்பு அனுப்பினேன், உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன், ஆஸ்பத்திரியில் முறைக்கு நின்றேன். இதைச் சொல்லவில்லை. அன்றோடு நான் திருந்தினேன், யாரையும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் அது இரண்டாவது பொய்யாகும். செவ்வாய்க்கிழமையும் அந்த எழுதுவினைஞரை அப்படித்தான் பார்த்தேன்.

கண்டேன் மச்சான். முழுக்க வாசித்தேன். கையில் லேஞ்சி இருந்தது.