பச்சை நிறத்தில் எழுபத்தொன்று

நவம்பர் 3, திங்கள்

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். எழுதிவிடப் போகிறேன். கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் கூடிப் பேசுகிற அந்த இணையப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி. கீழே என் பெயர் இருக்கும், பட்டமும் இருக்கும்.

இன்று எங்கள் கல்லூரி ஆலோசனை அலுவலக வாசலில் புதுப் பதாகை. கோட்டுக்காரன் கைகட்டிச் சிரிக்கிறான். கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவன். ஒரு காலத்தில் என் வகுப்புத் தோழன், இப்போது என் முதலாளி. 'உங்கள் பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் என்ன வாய்ப்பு? இவர் உருவாக்கிய கணிப்பு சொல்லும்.'

இவர் உருவாக்கியது! மதிப்பெண்ணையும் விரும்பும் துறையையும் போட்டால் சதவீதம் வந்து விழுகிறதே, அதை உருவாக்கியவன் உள்ளறையில் பிரிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கணிப்பின் முதல் பக்கத்தில் என் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே ஓர் எச்சரிக்கையும் எழுதியிருந்தேன். இரண்டையும் ஒரே நாளில் தூக்கிவிட்டான். "நமக்குள்ள பேரு எதுக்குடா?" என்றான்.

நமக்குள்ளே!

நவம்பர் 5, புதன்

அலுவலகத்திலிருந்து வந்தபின் கேட்ட ஒரே குரல் லிப்டினுடையது. 'கதவு மூடுகிறது' என்றது. மூடட்டும்.

நவம்பர் 8, சனி

போன் அடித்தது. விளம்பர அழைப்பு என்று நினைத்துத் திட்டுவதற்குத் தயாராக எடுத்தேன்.

"மாமா, வாலு பேசறேன்."

தங்கையின் மகள். நாற்காலியில் கட்டிப்போட்டாலும் நாற்காலியோடு ஓடுகிற குழந்தையாக இருந்தாள். நான்தான் அந்தப் பெயர் வைத்தேன். இப்போது பள்ளியின் கடைசி வருஷமாம். குரலில் தங்கையின் சாயல்.

கணினிப் பொறியியல் வேண்டுமாம். விண்ணப்பத்தில் ஆறு இடங்கள் எழுதலாம். ஆறிலும் பெரிய கல்லூரிகள், ஆறிலும் அதே துறை. அவள் அப்பா அப்படியே நிரப்பச் சொல்லியிருக்கிறார். காரணம், எங்கள் அலுவலகத்தின் கணிப்பு அவளுக்கு எழுபத்தொரு சதவீதம் காட்டியிருக்கிறது.

"பச்சைக் கலர்ல வந்துச்சு மாமா. பச்சைன்னா நல்லதுதானே? நீங்க அங்கதானே இருக்கீங்க, பாத்துச் சொல்லுங்களேன். முப்பதாம் தேதிக்கப்புறம் மாத்த முடியாது. ஆறும் போச்சுன்னா ஒரு வருஷம் வீட்ல உக்காரணும்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வைப்பதற்கு முன்னால் கேட்டாள்: "நீங்க ஏன் மாமா எங்க வீட்டுக்கு வர்றதே இல்ல?"

என்ன சொல்வது? உன் அப்பா ஒரு விருந்தில் கோட்டுக்காரனை "பெரிய கல்வியாளர்" என்றும் என்னை "இவரோட ஆபீஸ்ல கணக்கு வழக்கு பாக்கறவர்" என்றும் நாலு பேர் முன்னால் அறிமுகப்படுத்தினார் என்றா? சின்ன விஷயம்தான். எனக்குத்தான் சின்னதாக ஆகவில்லை.

நவம்பர் 10, திங்கள்

அந்த எழுபத்தொன்று எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்த்தேன். எங்களிடம் வந்த பழைய மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் போன் செய்து, இடம் கிடைத்ததா என்று கேட்டுப் பதிகிறோம். அதுதான் கணிப்புக்குத் தீனி. வரலாறு, மொழி கேட்டவர்கள் எல்லாரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். கணினிப் பொறியியலில் முக்கால்வாசிக்குமேல் வெற்றிடம். வெற்றிடங்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் சதவீதம் போடுகிறது இயந்திரம்.

போன் செய்யும் பெண்ணிடம் கேட்டேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"கிடைச்சவங்க முதல் ரிங்லயே எடுப்பாங்க சார். நாம கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருவாங்க. கிடைக்காதவங்க நம்ம நம்பரப் பாத்தாலே கட் பண்ணிருவாங்க. நானா இருந்தாலும் கட் பண்ணுவேன்."

"மறுபடி கூப்பிட மாட்டீங்களா?"

"எதுக்கு சார், வெந்த புண்ல வேலைப் பாய்ச்சவா? பதில் இல்லன்னு போட்டுட்டுப் போங்கன்னுதான் முதலாளி சொன்னார்."

ஆக, வென்றவர்களை மட்டும் எண்ணி வெற்றி விகிதம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் எழுதிய எச்சரிக்கையும் இதுதான்: 'பதில் தராதவர்களையும் தேடிச் சேர்க்காமல் இந்தச் சதவீதத்தை யாருக்கும் காட்டக் கூடாது.'

நவம்பர் 13, வியாழன்

மூன்று நாளாக மாலையில் என் சொந்த எண்ணிலிருந்து அழைக்கிறேன். அலுவலக எண் இல்லை என்பதால் எடுக்கிறார்கள்.

ஓர் அப்பா: "கிடைச்சுதா, கிடைச்சுதான்னு இன்னும் எத்தனை பேருய்யா கேப்பீங்க? கிடைக்கல. போதுமா? சந்தோஷமா?"

சந்தோஷம் இல்லை ஐயா என்றேன். பிறகு, "அவன் ரூமை விட்டு வெளியவே வரமாட்டேங்கறான்" என்றார், என்னவோ நான் மருத்துவர் மாதிரி. அரை மணி நேரம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண், இப்போது வேதியியல் படிப்பவள்: "உங்க பச்சையை நம்பி ஆறும் ஒரே துறைன்னு எழுதினேன் சார். அந்த வருஷம் முழுக்கச் சொந்தக்காரங்க வந்தா மாடிக்குப் போயிருவேன்." பிறகு சட்டென்று, "நீங்க யாரு சார், இதையெல்லாம் இப்ப வந்து கேக்கறீங்க?"

நான் யார்? நல்ல கேள்வி.

இந்த மூன்று நாளில் பேசிய அளவு இந்த வருஷம் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை.

நவம்பர் 15, சனி

எடுத்தவர்களை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டேன். வாலுவின் மதிப்பெண்ணுக்கு, அந்தத் துறைக்கு, எழுபத்தொன்று பதினெட்டாகிறது. இன்னும் எடுக்காதவர்களையும் சேர்த்தால் இறங்குமே தவிர ஏறாது.

கோட்டுக்காரனிடம் கொண்டுபோய் வைத்தேன். தாளைத் தொடக்கூட இல்லை.

"பதில் சொன்னவங்கள்ல எழுபத்தொண்ணு. இதுல பொய் எங்கடா இருக்கு?"

"சொல்லாதவங்க?"

"சொல்லாதவங்களுக்கு நான் என்ன பண்றது? பெத்தவங்க நம்மகிட்ட நம்பிக்கைக்காக வர்றாங்க. நீ எப்பவுமே இப்படித்தான். கல்யாண வீட்ல போய் ஒப்பாரி வைக்கிற ஆளு."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போன் செய்தேன். தங்கைதான் எடுத்தாள். "அண்ணா!" என்றவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. அதற்குள் அவள் கணவர் போனை வாங்கிவிட்டார். பதினெட்டு என்று சொன்னேன். எப்படி என்பதையும் பொறுமையாகத்தான் சொன்னேன். கடைசியில் மட்டும் கோட்டுக்காரனைத் திருடன் என்று சொல்லிவிட்டேன். வாய் நின்றால்தானே!

"மச்சான், அவர்மேல உங்களுக்கு இருக்கற கடுப்பு ஊருக்கே தெரியும். அதுக்கு எம் பொண்ணுதான் கிடைச்சாளா?"

வைத்துவிட்டார்.

உண்மையைச் சொல்ல உலகத்திலேயே தகுதி இல்லாத ஆள் நான்தானா? கணக்குச் சரிதான், சொன்ன வாய்தான் சரியில்லையா?

நவம்பர் 17, திங்கள்

விடுப்பு. நாள் முழுக்கப் படுத்திருந்தேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை. கேட்க யார் இருக்கிறார்கள்?

நவம்பர் 19, புதன்

எழுதிவிட்டேன், நீளமாக. படித்துப் பார்த்தால் முக்கால்வாசியும் கோட்டுக்காரன்தான்: அவன் பதாகை, அவன் சிரிப்பு, 'நமக்குள்ள'. விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு உதவுகிற வரி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

நவம்பர் 22, சனி

வாலு போன் செய்தாள்.

"அன்னிக்கு நீங்க போன்ல சொன்ன பதினெட்டு பக்கத்துல இருந்த எனக்கும் கேட்டுச்சு. கடைசி ரெண்டு இடத்தை மாத்திட்டேன் மாமா. நடுத்தரக் கல்லூரி, ஒண்ணுல கணிதம், ஒண்ணுல புள்ளியியல். கடைசி ரெண்டு என் இஷ்டம்னு அப்பாகிட்ட சண்டை போட்டு வாங்கினேன். நீங்க சொன்னீங்கன்னு மூச்சே விடல. விட்டிருந்தா அதுவும் போயிருக்கும்."

"புத்திசாலி."

"கோவமா மாமா?"

"இல்லம்மா." இல்லைதான், எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

"எங்க கிளாஸ்ல பாதிப் பேர் பச்சையப் பாத்துட்டுதான் ஆறையும் ரொப்பியிருக்காங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. யாரு சொன்னதுன்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. அம்மா கேக்கச் சொன்னாங்க. உங்க சமையல் இன்னும் அதே லட்சணத்துலதான் இருக்கா?"

அதே லட்சணம்தான் என்றேன். பின்னால் தங்கை சிரிப்பது கேட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

வெட்டினேன். பதாகை போயிற்று, கோட்டு போயிற்று, திருடன் போனான். 'நமக்குள்ள' போவதற்குத்தான் நேரம் பிடித்தது. எடுத்துவிட்டு, மறுபடி போட்டு, மறுபடி எடுத்தேன்.

மிஞ்சியது ஒரு பக்கம். சதவீதம் காட்டுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது: யாரை எண்ணினீர்கள், யாரை விட்டீர்கள்? கல்லூரிக்கான வாய்ப்பு வேறு, அந்தத் துறைக்கான வாய்ப்பு வேறு. ஆறில் இரண்டையாவது, உங்கள் மதிப்பெண்ணுக்கு நிச்சயம் கிடைக்கிற இடமாக எழுதுங்கள். முப்பதாம் தேதிவரை மாற்றலாம். பிறகு, மாடிக்கு ஓடிய பெண்ணின் ஒரு வரி, அவளிடம் மறுபடி கேட்டு, பெயரில்லாமல்.

எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, அந்த எச்சரிக்கை வாக்கியம். நான் எழுதியபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல். அதைப் படித்ததும் இதை எழுதியது யார் என்று ஒரே ஒருவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தால் போதும்.

பெயர் என்ற கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் பட்டத்தோடு சேர்த்துத்தான் அடித்தேன். மச்சானின் குரல் காதில் கேட்டது. என் பெயரைப் பார்த்தால் கணக்கும் கடுப்பாகத்தான் தெரியும்; வாலுவின் வகுப்பில் பாதிப் பேர் பச்சையையே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அழித்துவிட்டேன். பெயர் இல்லாமலே போடுகிறேன்.