டைகரை மலைக்கு இழுத்துப் போனது

சித்திரை 22, ஞாயிறு

விடியும்போதே வெக்கை. கத்திரி தொடங்கிவிட்டது. வாசலில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுப் புட்டம்மா, டைகர். வேறு யாரும் இல்லை.

புட்டம்மா: "அக்கா, இது நாயா, சினை எருமையா?"

அவர்: "எங்க மண்டித் தராசுல ஏத்துனா புளி மூட்டைக்குச் சரியா நிக்கும்."

சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கொழுந்தன் பெங்களூர் மில்லுக்குப் போனபோது என்னை நம்பி விட்டுப்போன நாய். அப்போது வாலிபம். இப்போது கிழம், உடம்பெல்லாம் கொழுப்பு. பைரவர் வாகனம் என்று படைத்த பொங்கலில் முதல் உருண்டை அதற்குத்தான், நெய் சொட்டச் சொட்ட. அந்தத் தம்பி வைகாசியில் வருகிறான். பார்த்தால் என்ன நினைப்பான்?

நாளை முதல் தினமும் மலைக்கோயில், டைகரோடு. இறங்கி வீடு வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று வேண்டுதல். அதற்கும் சேர்த்து நானே வேண்டிக்கொண்டேன்.

வாங்க: கற்பூரம், வெற்றிலை, கயிறு.

சித்திரை 24, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. கை வரவில்லை.

சமையல், பூசை முடித்துக் கிளம்பவே வெயில் ஏறிவிட்டது. நான், புட்டம்மா, டைகர். ஏறும்போதே அதற்கு இளைப்பு. தரிசனம் ஆயிற்று. செம்பில் தீர்த்தம் வாங்கிக்கொண்டேன், வீட்டுக்கு. இறங்கும்போது உச்சி வெயில். படி அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. என் காலும் வெந்தது. புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கும் கால் உண்டு என்று தோன்றவில்லை.

பாறை நிழலில் படுத்துவிட்டது.

புட்டம்மா, பாதி கன்னடத்தில்: "பேட அக்கா, வேணாம். உக்காரலாம். அதால முடியல."

"சாமி காரியம், எழுந்திருடா" என்று கயிற்றை இழுத்தேன். எழுந்தது. நான் சொன்னதற்காக எழுந்தது.

நாலு படி. கால் பின்னி விழுந்தது. வாயெல்லாம் நுரை, நாக்கு கருநீலம். புட்டம்மா கத்தினாள்: "தண்ணி ஊத்தக்கா! கையிலதான இருக்குது!"

தீர்த்தம். நாய் வாய் பட்டால் எச்சில். வேண்டுதல் வேறு. நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நின்றேன்.

அவள்தான் பிடுங்கி அதன் வயிற்றிலும் பாதத்திலும் ஊற்றினாள், வாயை நனைத்தாள். அடிவாரத்து வண்டிக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கிவந்தோம்.

இன்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கே வந்தார். பாதம் வெந்து தோல் உரிந்திருக்கிறது. இருதயம் பலவீனம்.

"எப்படிம்மா ஆச்சு?"

"அதுவா ஓடிருச்சுங்க." சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரும் அதையே நம்பினார். புட்டம்மா தரையைப் பார்த்தாள்.

டாக்டர்: "வயசான நாயி, இந்த உடம்பு. விடியறதுக்கு முன்ன கொஞ்சம், பொழுது சாஞ்சப்புறம் கொஞ்சம், அவ்ளோதான் நடக்கணும். எடைய சோத்துத் தட்டுல குறைங்க, வெயில்ல குறைக்காதீங்க. மூச்சு வாங்கினா நீங்கதான் நிக்கணும். அது நிக்காது, கூப்பிட்டா வந்துட்டே இருக்கும்."

பிழைக்குமா என்றேன். உதட்டைப் பிதுக்கினார்.

சித்திரை 25, புதன்

தண்ணீர் குடித்தது, கொஞ்சம். கஞ்சி தொடவில்லை. ஈரச் சாக்கில் படுத்திருக்கிறது. பாதத்தில் மருந்து போட்டபோது என் கையை நக்கியது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பால்காரி வரவில்லை. விளக்கு ஏற்றவில்லை. எந்த முகத்தோடு?

அவர்: "தம்பிக்கு நான் எழுதிடறேன். நாய் ஓடிப்போயி வெயில்ல விழுந்துட்டுதுன்னு. உன்மேல என்ன தப்பு?"

"நானே எழுதறேங்க."

சித்திரை 26, வியாழன்

மூச்சு வேகம். கண் மட்டும் கதவுப் பக்கம். அவரிடம் உள்ளதைச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார்.

தபாலில் போட்டது, அப்படியே:

தம்பிக்கு. டைகர் படுத்துவிட்டது. தானாக ஓடவில்லை. உச்சி வெயிலில் நான்தான் இழுத்துப் போனேன். கையில் தண்ணீர் இருந்தும் கொடுக்காமல் நின்றேன். இன்னும் உயிர் இருக்கிறது, கதவையே பார்க்கிறது. வைகாசிவரை காத்திராதே. என்னோடு பேசாவிட்டாலும் சரி, அதைப் பார்க்க வா. எந்த பஸ்ஸுக்கு வருகிறாய்? சீக்கிரம் பதில் போடு.