ஞாயிற்றுக்கிழமை வராத தும்மல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தென்காசியில் சாரல் உண்டா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

காஞ்சிபுரம் வந்த நான்கு மாதத்தில் பேக்கரியில் பன் போடப் பழகிவிட்டேன். ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். மாவு சலித்தால் தும்மலும் இளைப்பும் வருகின்றன. ஞாயிறு விடுமுறையன்று ஒன்றும் இல்லை. மைதாத் தூசி மூச்சில் போவதால் வந்த அலர்ஜி என்றார் டாக்டர். கவனிக்காமல் விட்டால் ஆஸ்துமா ஆகலாமாம். அதே மாவில் செய்த பன்னைத் தின்றால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. இது எப்படி என்று புரியவே இல்லை அம்மா.

வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டே மாஸ்டர் காசிநாதனிடம் சொன்னேன். அவர், "எனக்கும் பதினஞ்சு வருசமா இப்டித்தாம்மா இருக்குது. பீடியாலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அந்த டாக்டர் எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

நாளை இருவரும் போகிறோம். அதுவரை கேக்குக்கு கிரீம் பூசும் வேலை தந்திருக்கிறார். இங்கேயே இருப்பதா, ஊருக்கு வந்துவிடுவதா என்று தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

தலையில் கட்டிக்கொள்ள உங்கள் பழைய நூல் சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

மாஸ்டர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்,
ஜெபராணி