சபை மாறிய மாமாவும் தலைவர் நாற்காலியும்

அருமை மருமகள் அனீசாவுக்கு,

மொன்றியல் குளிரில் நீ சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டிக்கொண்டு, தாயில்லாத உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமன், இந்த மலையின் மாபெரும் தியாகி நக்லே எழுதுவது. இங்கே உன் வார்தே அத்தைக்கு முழங்கால் வலி தேவலை, ஒலிவ மரங்கள் பூத்திருக்கின்றன, ஆடுகூட நலம். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல். அதன் புகை கடலில் போகும் கப்பல்களுக்கும் தெரிகிறதாகக் கேள்வி.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், ஊராட்சித் தலைவர் மரோனிய சபைக்காரர், துணைத் தலைவர் நம் ஆர்த்தடாக்ஸ் சபைக்காரர், சட்டத்தில் எங்கும் இல்லை, ஆனால் மலை நகர்ந்தாலும் இது நகராது. இத்தனை காலமும் பூலோஸ் தலைவர், நான் துணை, அவர் கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறந்து கொடுத்தே என் கட்டைவிரல் பாதியாகத் தேய்ந்துவிட்டது. இந்த வருடம் அவர் ஓய்வு என்றதும், அந்த நாற்காலிக்கும் எனக்கும் நடுவே நிற்பது ஒரு சபைதானே என்று தோன்றியது. ஈஸ்டர் நோன்புக்கு முன்னால் மரோனிய சபைக்கு மாறி, பதிவு அலுவலகத்திலும் மாற்றிவிட்டேன். கடவுள் அதே கடவுள்தான், மணி மட்டும் தெருவுக்கு அந்தப் பக்கம் அடிக்கிறது. உன் அத்தை மாறவில்லை, இரண்டு சபைக்கும் ஈஸ்டர் தேதி வேறு, ஆகவே வீட்டில் இரண்டு ஈஸ்டர். என் ஈஸ்டரன்று அவள் இன்னும் நோன்பில் இருந்தாள், பேரீச்சம்பழப் பலகாரம் எங்கேடி என்று கேட்டால், நாற்காலிக்காகக் கோவிலை மாத்தின மனுசனுக்கு அந்த நாற்காலியே சுட்டுத் தரட்டும் என்றாள்.

தேர்தலுக்குமுன் யார் யார் நிற்பது என்று பேச ஊரே பூலோஸ் வீட்டில் கூடியது. உன் வதீஹ் மாமா, அதுதான் என் சித்தப்பா மகன், கல்யாணங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவன், நாற்காலி இறக்க வந்திருந்தான். தலைமைக்கு இரண்டு மரோனியக் குடும்பங்கள் அடித்துக்கொண்டன. உங்க ஆளு உட்கார்ந்தா நாங்க ஊரைவிட்டே போறோம் என்றது ஒன்று, போங்க, மூட்டையை நாங்களே கட்டித் தர்றோம் என்றது மற்றொன்று. பொறுக்க முடியாமல் பூலோஸ், உங்க ரெண்டு பேருக்கும் வேண்டாம், இந்த ஒரு தடவை தலைமை ஆர்த்தடாக்ஸ்காரங்களுக்கு, துணை நமக்கு, நக்லேயை விட்டா யாரு இருக்கா என்றார். அனீசா, கைதட்டலில் கூரை ஓடு பறந்தது. நான் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டேன், மீசை தானாக இரண்டு முழம் வளர்ந்தது. அப்போது, சண்டைச் சூட்டில் ஊரும் நானும் மறந்திருந்ததை நினைவூட்ட மரோனியப் பாதிரியார் தொண்டையைச் செருமினார். நக்லே இப்ப நம்ம கோவில்ல, ஞாயித்துக்கிழமை முன்வரிசையில என்னைவிடச் சத்தமாப் பாடினாரே என்றார்.

எல்லாக் கண்களும் மெல்ல, சபை மாறாத வதீஹ் பக்கம் திரும்பின. ஐயோ, நான் வெறும் நாற்காலிக்காரனுங்க என்றான். அதான் வேணும், உட்காருப்பா என்றார்கள். துணைப் பதவியாவது மிஞ்சுமென்று பார்த்தேன், நேத்து வந்த ஆளுக்கா என்று அந்த இரண்டு குடும்பங்களும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒத்துப்போயின. பழைய சபைக்கே திரும்பலாமென்று நம் பாதிரியாரிடம் போனால், கதவு தொறந்தே இருக்கு நக்லே, ஆனா அடுத்த தேர்தல் முடிஞ்சப்புறம் வா என்கிறார்.

தேர்தலும் முடிந்தது, இப்போது தலைவர் வதீஹ் ஊர்க் காபிக்கடைக்குள் நுழைந்தால் கிழவர்கள் எழுந்து நிற்கிறார்கள். அவன் தொப்பைகூடக் கம்பீரமாகிவிட்டது. இதையெல்லாம் தாங்குவேன். பதவியேற்றதும் முதல் வேலையாக என்ன செய்தான் தெரியுமா? நான் துணைத் தலைவராக இருந்த காலமெல்லாம் ஆள் மூழ்குமளவு பள்ளமாகக் கிடந்த நம் வீட்டு வாசல் சாலைக்குத் தார் போட்டான். அண்ணே, அண்ணியோட முழங்காலுக்காகத்தான் என்று சொல்லிவிட்டு வேறு போனான். எதிரி என்றால் திட்டித் தீர்க்கலாம், இவனை என்ன செய்வது? உன் அத்தை அதில் தினமும் காலையில் இளவரசிபோல் நடக்கிறாள். நான் கொல்லைப்பக்கம் ஆட்டுப்பாதையில் முள் குத்தப் போய்வருகிறேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் இரண்டு சபைப் புனிதர்களின் ஆசியும் கிடைக்கட்டும், என்னிடம் இப்போது இரண்டும் கைவசம் உண்டு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. கோடையில் வரும்போது உன் கார் அந்தச் சாலையில்தான் வந்து நிற்கும். நல்லா இருக்கே மாமா என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
ஆட்டுப்பாதையிலிருந்து உன் மாமன்
நக்லே