வீட்டில் எத்தனை பேர்?

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மருமகன் ஸிராஜுக்கு மாமி எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். முழங்கால் மட்டும் என் சொல்லைக் கேட்பதில்லை. போனில் கதைத்தால் மகள் றிபாவின் பெயர் வரும், பிறகு ஏதாவது சாட்டுச் சொல்லிப் போனை வைத்துவிடுவோம். அதனால்தான் உங்களோடு வேலை செய்யும் முபீன் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட இதை எழுதுகிறேன். கூடவே இனிப்புக்குத் தொதலும் சோற்றுக்கு மாசிச் சம்பலும் இருக்கின்றன. தொதலை அறையில் உள்ளவர்களுக்குக் கொடுங்கள். சம்பலை ஒளித்து வையுங்கள்.

மழைக்கு முன்னர் உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டேன். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது சும்மா இல்லை. உங்கள் அறை ஜன்னலின் பிணைச்சல் உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்தது; அதையும் மாற்றியாயிற்று.

போன கிழமை தர்சிகா என்றொரு சொறிக்கல்முனைப் பிள்ளை கணக்கெடுக்க வந்தாள். இருக்கிற வீடு இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் ஆட்களுக்கு எவ்வளவு இருக்கிறதென்று பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். பயத்தையும் அளக்கலாமா என்று கேட்டேன். "ஓம் உம்மா, அதுதான் எங்கட வேலை" என்றாள்.

வீட்டு உறுதிப் பத்திரம் யார் பெயரில் என்றாள். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது, இப்போது என் பெயரில் என்றேன். கொடுத்த வீடு எப்படித் திரும்பி வந்தது என்று விழித்தாள். சொன்னேன். றிபா மௌத்தாகி நம்மை விட்டுப் போன பிறகு, பிள்ளை இல்லாததால் மார்க்கப்படி பாதி உங்களுக்கு என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். நீங்களோ அந்தப் பாதியையும் எனக்கே எழுதித் தந்துவிட்டு, நாற்பதாம் நாள் கத்தம் முடிந்ததும் ஒரு பையோடு புறப்பட்டீர்கள். "அப்ப உங்களுக்கு ஒரு பயமும் இல்ல உம்மா" என்றாள் அந்தப் பிள்ளை. உண்மைதான், மகன். நான் நிம்மதியாகப் படுத்து எழும்புவது அல்லாஹ்வுக்கு அடுத்தபடி உங்களால். ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காக துஆ கேட்கிறேன்.

ஆனால் மற்றக் கேள்விகளுக்கு என் வாயில் வந்த பதில்களெல்லாம் உங்களுடையவை. இந்த வருடத்தில் இடம் மாற நேர்ந்ததா? கம்பனி உங்களை அறைக்கு அறை மாற்றுவதை முபீன் சொன்னான். உங்கள் பருத்த உடம்போடு அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஏறுகிறீர்களாம். கேட்டுச் சிரித்துவிட்டுப் பிறகு அழுதேன். வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் போக வேறு இடம் உண்டா? நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை உம்மாவின் வீட்டிலிருந்து மனைவியின் வீட்டுக்குப் போகிறான். மௌத்தான உங்கள் உம்மாவின் வீடு உங்கள் தங்கச்சிக்குப் போனது. அங்கே அவள் பிள்ளைகளுக்கே படுக்க இடம் போதாது. றிபாவோடு உங்கள் வீடும் போய்விட்டது.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு பேர் என்றேன். "ஆறு மாசத்துக்கு மேல வெளியில இருக்கிறவரச் சேர்க்க ஏலா உம்மா, டெப் எடுக்காது" என்று கையிலிருந்த தொடுதிரையைத் தட்டிக் காட்டினாள். உன் டெப்பை எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு வா, மருமகனும் வீட்டு ஆள்தான் என்று பார்க்கும், பிறகு எடுக்கும் என்றேன். சிரித்தாள். ஆனாலும் ஒன்று என்றுதான் போட்டாள்.

முபீன் இன்னொன்றும் சொன்னான். ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு வந்தால் கல்முனையில் அறை எடுக்கப் போகிறீர்களாம். "றிபா இல்லாத வீட்டுக்கு என்ன உரித்தில போற?" என்றீர்களாம். அந்த உரிமையை எழுதித் தந்தவரே நீங்கள்தானே! நாளைக்கு நீங்கள் வேறொரு நிக்காஹ் செய்யத்தான் வேண்டும். அதற்கான வயது இருக்கிறது. மாப்பிள்ளை புறப்பட ஓர் உம்மாவின் வீடு வேண்டாமா? இந்த வாசலிலிருந்து இறங்குங்கள். அத்தர் நான் வாங்கி வைக்கிறேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து நேரே இங்கே வாருங்கள். தர்சிகா பெருநாளுக்குப் பிறகு மறுபடியும் கேட்க வருவாளாம். இரண்டு பேர் என்று நான் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குக் காட்ட வேண்டும்.

அல்லாஹ் உங்களைச் சுகமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் உம்மா சபூறா