காஜா பாயின் சிப்

ஐப்பசி 14, செவ்வாய்

மேலப்பாளையம் காஜா பாயின் தறியை ஓட்டும் புரோகிராம் ஒரே ஒரு சிப்பில் இருக்கிறது. செய்த கம்பெனி மூடிவிட்டது. ஒரு நகல் எடுத்து வைப்போம் என்று வற்புறுத்தியது நான்தான்.

இன்று சிப்பைக் கழற்றி என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தார். சிப்பில் இருப்பதைப் படிக்கவும் அழிக்கவும் கூடிய என் சோதனைப் பெட்டியில் அதைப் பொருத்தி, பழைய கம்ப்யூட்டரின் பிரிண்டர் போர்ட்டில் கேபிளைச் செருகினேன். நகல் எடுக்குமுன் கரண்ட் போனது. உடனே கேபிளைக் கழற்றியிருக்க வேண்டும். மறுபடி கிளம்பும்போது கம்ப்யூட்டர் பிரிண்டரைத் தேடி அந்தப் போர்ட்டில் கண்டபடி சிக்னல் அனுப்பும். என் பெட்டி அந்த சிக்னலை, சிப்பை அழிக்கும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். பாய் டீ வாங்கித் தந்தார், குடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்துவிட்டது.

சிப் காலியாக இருந்தது.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?"

"சிப் முன்னாலேயே போயிருக்கு பாய்." வாயில் அதுதான் வந்தது.

"நேத்து வர ஓடுச்சே! அப்ப நான் கழத்தும்போதுதான் கெடுத்துருக்கேன். எங்க வீட்ல அப்பவே சொன்னா, ஓடுதத நோண்டாதீங்கன்னு. இனி தறிய இரும்புக் கடையிலதான் போடணும்."

"இருக்கும்" என்றேன்.

என் கையைப் பிடித்து, "நீங்க என்ன செய்வீங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

போனில் அவர் நம்பரை எடுக்கிறேன், வைக்கிறேன். இந்நேரம் வீட்டில் அவரைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள்.